இருபதாவது டூத் பிரஷ்

போன மாதம், பழைய இடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று எங்கள் குழந்தைகள் இல்லத்துக்குப் போயிருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் சூப்பரின்டென்டன்ட், முப்பது வயதுகூட ஆகாத பெண், ஸ்டோர் ரூமை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே துருப்பிடித்த நகவெட்டிகள் ஒரு குவியல். கூடவே ‘போன்’ என்று லேபிள் ஒட்டிய பிஸ்கட் டின் ஒன்று. “இதெல்லாம் ஃபாரின் வாலன்டியர்ஸ் சாமானாம் ஆன்ட்டி. அவங்க இங்க வந்து நாள் பூரா என்னதான் பண்ணாங்க?” என்று கேட்டாள்.

நகம் வெட்டினார்கள் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். இப்போது வெளிநாட்டுத் தொண்டர்கள் யாரும் இங்கே வருவதில்லை. மூன்று மாதம் தங்கிப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விமானம் ஏறிவிடுகிறவர்களால் பிள்ளைகளுக்கு நல்லதைவிட வருத்தம்தான் அதிகம் என்று நிர்வாகம் நிறுத்திவிட்டது. சரியான முடிவு என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் அந்த நகவெட்டிகளைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். “எழுதிக் குடுங்க ஆன்ட்டி” என்றாள். வீட்டில் உட்கார்ந்து சீரியலில் அடுத்தவள் மாமியாரைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஜெசிந்தா. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்களில், “நீயாவது பூமிக்கு மேல ஒரு வேலயப் பாத்துக்கோ” என்று என்னை அனுப்பிவைத்தார். முதல் இரண்டு வருடம் விடிவதற்கு முன்பே ரயிலேறி, கன்டோன்மென்டில் இறங்கி வேலைக்கு வந்தேன். பிறகு ஆஸ்டின் டவுனில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். குழந்தை பராமரிப்பில் ஆறு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றேன். மற்றதையெல்லாம் அப்போது இல்லத்தை நடத்திவந்த சலோமி மிஸ்ஸிடம்தான் கற்றேன்.

இல்லம் ஆஸ்டின் டவுனுக்கும் நீலசந்திராவுக்கும் நடுவில் ஒரு சந்தில், ஓடு வேய்ந்த பழைய பங்களா. நாற்பது பிள்ளைகள். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது என்று காலையில் தண்ணீர்த் தொட்டியடியில் கேட்கிற சத்தத்தில் ஒரு சந்தையே நடத்தலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ‘அனாதை இல்லம்’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மிஸ் அந்த வார்த்தையைக் கேட்டால் பொறுக்க மாட்டார். யாரும் இல்லாத பிள்ளை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, நமக்கு விலாசம் தெரியவில்லை, அவ்வளவுதான் என்பார்.

மிஸ் குள்ளமான உருவம். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்துப் பிளேடால் சீவத் தொடங்குவார். எதிரில் நிற்பவர் பேசப் பேசப் பென்சில் கூராகிக்கொண்டே போகும். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். பெரும்பாலும் அது ஒரு வேலையாக இருக்கும்.

தொண்டர்கள் வந்து இறங்கும் காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பெட்டி நிறைய பொம்மை, சாக்லேட், பலூன். கண் நிறைய கண்ணீர். கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் அவர்களுக்கு. மிஸ் வணக்கம் சொல்லி, டீ கொடுத்து, பொம்மைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். போனை பிஸ்கட் டின்னில் போடச் சொல்வார். பிறகு டிராயரிலிருந்து ஒரு புது நகவெட்டியை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பார். முதல் பத்து நாள் இதுதான் வேலை. நாற்பது பிள்ளைகள், எண்ணூறு நகம். யாரையும் தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது, வாக்குக் கொடுக்கக் கூடாது. நகம் மட்டும்.

“எண்ணூறு நகத்த வெட்டறதுக்கா கடல் தாண்டி வந்தாங்க மிஸ்?” என்று ஆரம்பத்தில் நானே கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் உறைத்தது. “கொஞ்சறவங்க தன்னயே பாத்துக்குவாங்க, ஜெசி. நகம் வெட்டறவங்க பிள்ளையோட கையப் பாப்பாங்க.”

ஐந்தரை மணிக்கு மணி அடிப்போம். ஆறு மணிக்கு நாற்பது பேரும் பின்பக்கத் தொட்டியடியில் வரிசையாக நிற்க வேண்டும். காலையில் பல் தேய்க்காமல் சாப்பாடு கிடையாது, ராத்திரி பல் தேய்க்காமல் படுக்கை கிடையாது. பைபிளில் இருக்கிற பத்துக் கட்டளைகளோடு மிஸ் சேர்த்த பதினோராவது கட்டளை அது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குக்கூட பேசினைக் கட்டிலுக்குக் கொண்டுபோவோம். பிறகு பேன்சீப்பு, சடை, டிபன், பள்ளிக்கூடம். பிள்ளைகள் போனதும் தொண்டர்கள் போர்வைகளைத் துவைத்து மாடியில் காயப்போட வேண்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டும். சாயந்தரம் பிள்ளைகள் வந்ததும் வீட்டுப்பாடம், விளையாட்டு, ஜெபம், சாப்பாடு. எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம்.

அவர்கள் செய்த கூத்துகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒரு ஜெர்மன்காரப் பையன், ரொம்ப நல்ல பிள்ளை, உதவி செய்கிறேன் என்று எங்கள் தோசைக்கல்லைக் கம்பி நாரும் சோப்பும் போட்டு மதியம் பூரா தேய்த்திருக்கிறான். இருபது வருடமாக எண்ணெய் குடித்துக் கறுத்த கல். அதைக் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்து காட்டினான். சமையல்காரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஊற்றிய தோசை ஒன்றுகூடக் கல்லை விட்டு வரவில்லை. மிஸ் பென்சில் சீவினார். அந்தப் பையன் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, காய்ந்த கல்லில் மூன்று நாள் தேய்த்துப் பழக்கினான். அந்த மூன்று நாளும் பிள்ளைகளுக்கு உப்புமா. நாலாவது நாள் முதல் தோசை முழுசாக எழும்பியபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த அன்று கேட்டில் விட்ட கண்ணீரைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

இனி, அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்த விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். ஏறும்போது கூட்டத்தில் யாரோடோ வந்த பிள்ளை என்று விட்டுவிட்டாராம். போலீஸ், குழந்தைகள் நலக் குழு என்று முறைப்படி சுற்றி, அடுத்த நாள் எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஐந்து வயது இருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த பாஷையிலெல்லாம் பேசிப் பார்த்தோம். நீலசந்திராவில் பொறுக்கிய தக்கினியை நானும் எடுத்துவிட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. காது கேட்கிறது, வாய்தான் பேச வராது போல என்று டாக்டர் எழுதினார்.

பெயர் தெரியாத பிள்ளைக்கு மிஸ் பெயர் வைக்க விடமாட்டார். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, நம் கைக்கு இன்னும் வரவில்லை, அதற்குள் நாம் ஏன் இன்னொன்றை ஒட்ட வேண்டும் என்பார். பதிவேட்டில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். நாங்கள் பாப்பா என்று கூப்பிட்டோம். பேப்பரில் படத்தோடு விளம்பரம் வந்தது. யாரும் வரவில்லை. நான்கு மாதம் தேடியும் சொந்தக்காரர்கள் வரவில்லையென்றால் அவளைத் தத்துக் கொடுக்கலாம் என்று அறிவித்துவிடுவார்கள். அதுதான் சட்டம், பிள்ளை காலமெல்லாம் இல்லத்திலேயே கிடக்கக் கூடாது என்பதற்காக உள்ள நல்ல சட்டம். ஆனால் எங்கோ ஒரு தாய் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆவது? மிஸ் அந்த நான்காவது மாதக் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

பாப்பா வந்த ஒரு வாரத்தில் எனக்குத் தலைவலி தொடங்கியது. காலையில் மணி அடித்துப் பிள்ளைகளைத் தொட்டியடிக்குக் கொண்டுவந்தால், டூத் பிரஷ் வைக்கிற இரண்டு மக்கும் காலி. நாற்பது பிள்ளை பல் தேய்க்காமல் நிற்கிறது, பதினோராவது கட்டளை அந்தரத்தில் தொங்குகிறது. தேடினால் பின் வராந்தாவில் பாப்பா பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பாள். பிரஷ்களை அடுக்கி, தலைகளெல்லாம் ஒரே மட்டமாக வரும்படி தரையில் தட்டி, பேப்பரைச் சுற்றி, ஓரத்தை உள்ளே செருகி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பாள். இரண்டு கட்டு. நான் பிரித்துப் போடுவேன். மறுநாள் மறுபடி கட்டியிருப்பாள்.

இன்னொன்றும் செய்வாள். கட்டு முடிகிற நேரத்தில் நான் போய் நின்றால், பேப்பரைச் சுற்றாமல் திறந்த வாக்கில் என் பக்கம் நீட்டி, என் முகத்தையே பார்ப்பாள். என்னைச் சீண்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு நாள் அதை வெடுக்கென்று பிடுங்கி, “இன்னா புள்ள நீ, சொன்னா கேக்கவே மாட்டியா?” என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. எழுந்து போய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பிரஷ் மக்குகளை அன்று முதல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எனக்கு முன்கோபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பூட்டி என்ன பயன்? கிரேயான் கட்டாகியது, ஸ்பூன் கட்டாகியது. ஒரு நாள் சமையலறையில் முருங்கைக்காயெல்லாம் மடிப்புக் கலையாமல் பேப்பர் சுற்றிக் கட்டாக நின்றது. சமையல்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மார்க்கெட்காரன்கூட இவ்வளவு ஒழுங்காகக் கட்டிக் கொடுக்க மாட்டான் என்று பாப்பாவுக்கு வெல்லம் கொடுத்தாள். நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

மூன்றாவது மாதம் முடிகிற சமயத்தில் ஹாலந்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, ஆள் தென்னை உயரம். பெயர் மரிக்கே. பிள்ளைகள் இரண்டே நாளில் அவளை மரிக்கொழுந்து அக்கா ஆக்கிவிட்டார்கள். அவளும் என்னை ஜெசி அக்கா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். பொம்மை கொண்டுவராத ஒரே தொண்டர் அவள்தான். மிஸ் நகவெட்டியைக் கொடுத்ததும் ஏன் என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பாப்பாவின் முறை வந்தது. நான் பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். மரிக்கே வெட்டுவதை நிறுத்திவிட்டு, பாப்பாவின் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பொடிப் பொடியாக ஆறிய தழும்புகள். கொசுக்கடி என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டி மறுத்து, தன் கையை நீட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். அதே விரல்களில், அதே இடத்தில், அதே பொடித் தழும்புகள். “முள்ளு, ஜெசி அக்கா” என்றாள். பிள்ளைகளிடம் கற்ற நாலு தமிழ் வார்த்தையில் அது ஒன்று.

அவளுடைய சித்தப்பா அங்கே ரோஜாப் பண்ணை வைத்திருக்கிறாராம். பள்ளி விடுமுறையெல்லாம் இவள் அங்கேதான் பூக்கட்டு போட்டிருக்கிறாள். நான் போய்ப் பூட்டிய பீரோவைத் திறந்து, பிரஷ் மக்குகளைப் பாப்பாவின் முன்னால் வைத்தேன். பாப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். மரிக்கே குனிந்து பார்த்தாள். கட்டுக்கு இருபது, தலை ஒரே மட்டம், அடி தட்டுவது, சுற்றுவது, எல்லாம் ரோஜா கட்டுவது போலவே இருக்கிறது, தன் ஊரில் ஓரத்தில் டேப் ஒட்டுவார்கள், இந்தப் பிள்ளை உள்ளே செருகுகிறாள், அது ஒன்றுதான் வித்தியாசம் என்றாள். வழக்கம்போல் கடைசியில் பாப்பா திறந்த கட்டை எங்கள் பக்கம் நீட்டினாள். சூப்பர்வைசர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கட்டுவார்கள், அதைத்தான் கேட்கிறாள் போல என்று மரிக்கே சொன்னதால், இரண்டு பேரும் சரி, சரி என்று தலையாட்டினோம். பாப்பாவின் முகம் ஏனோ வாடிப்போயிற்று. தானே முடித்துக் கட்டிக்கொண்டாள்.

எழுதக்கூடத் தெரியாத பிள்ளை மூன்று மாதமாக என் மூக்குக்கு முன்னால் தன் விலாசத்தை எழுதிக் காட்டியிருக்கிறாள். நான் அதைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டியிருக்கிறேன். அன்று சாயந்தரம் பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

மிஸ்ஸிடம் சொன்னோம். பென்சில் வெளியே வந்தது. ஓசூர் பஸ்ஸில் வந்த பிள்ளை. அத்திபெலே தாண்டினால் மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா ஷெட்டுகள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு ஷெட்டாகக் காட்டலாம் என்று நான் சொன்னேன். பென்சில் கூராகியது. “காணாமப் போன பொருள் மாதிரி அவளத் தெருத் தெருவாக் காட்டறதா? பிள்ள இங்க இருக்கட்டும். அவ கட்டின கட்ட எடுத்துட்டுப் போ” என்றார். குழுவுக்கும் போலீசுக்கும் அப்போதே கடிதம் எழுதிவிட்டு, காலண்டரைப் பார்த்தார். வட்டத்துக்கு இருபத்தோரு நாள் இருந்தது.

அப்படித்தான் நானும் அந்தத் தென்னை உயரப் பெண்ணும் இருபது டூத் பிரஷ்ஷைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அத்திபெலே பஸ் ஏறினோம். மாற்றுக்குப் புது பிரஷ் வாங்கி மக்கில் போட்டுவிட்டுத்தான் மிஸ் எங்களை அனுப்பினார். முதல் நாள் நாலு ஷெட். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு வாட்ச்மேன். கட்டைப் பிரித்துக் காட்டினால், “பிரஷ்ஷெல்லாம் வாணாம்மா, போய்க்கினே இரு” என்றார் ஒருவர். இன்னொருவர் மரிக்கேயைப் பார்த்து, வெள்ளைக்காரியே தெருவில் பிரஷ் விற்கிற காலம் வந்துவிட்டதே என்று கன்னடத்தில் பரிதாபப்பட்டார். உள்ளே விட்ட இரண்டு இடத்திலும் டேப் ஒட்டுகிற கட்டுதான். வெயிலில் நடந்து மரிக்கேயின் முகம் தக்காளியாகிவிட்டது. மறுவாரம் மறுபடி போனோம். அன்றும் மூன்று இடத்தில் இல்லை என்றார்கள்.

எல்லை வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு ஷெட்டில் சூப்பர்வைசர் ஒருவர், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர், முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். “இன்னாமா, ரோஜாவுக்குப் பதிலா பிரஷ்ஷு பயிர் பண்றீங்களா?” என்று கட்டைக் கையில் வாங்கினார். ஓரத்தைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “இது எங்க ஷெட்டு மடிப்பு. டேப்பு வாணாம்னு எங்க ஒரிசாப் பொம்பளைங்கதான் இப்பிடி உள்ள சொருவுவாங்க” என்றார். பிறகு தணிந்த குரலில், அவர்களில் ஒருத்தியின் பிள்ளை காணாமல் போய்விட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தில் கை நழுவிவிட்டதாம். வேறொருத்தியின் சிவப்புச் சேலையைத் தாயுடையது என்று நினைத்துப் பின்னாலேயே போய் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் புகார் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையோ இந்தப் பக்கம். எங்கள் விளம்பரம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும். அவர்களுக்கு இரண்டும் தெரியாது. அந்த ஷெட்டில் நிற்க முடியாமல் தாயும் தகப்பனும் பக்கத்தில் வேறொரு ஷெட்டுக்கு மாறிவிட்டார்கள், ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தாய் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டிருக்கிறாள் என்றார் சூப்பர்வைசர். மரிக்கேக்கு அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். அவளோ என் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கிவிட்டாள்.

போலீஸ் போய் விசாரித்து, காகிதங்கள் பார்த்து, வட்டம் போட்ட தேதிக்கு நாலு நாள் முன்னால் தாயையும் தகப்பனையும் குழுவின் அதிகாரியம்மா இல்லத்துக்கு அழைத்து வந்தார். ஆனாலும் ஒரு படி பாக்கி இருந்தது. பிள்ளை தன் தாயை அடையாளம் காண்கிறதா என்று அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். அது இல்லாமல் எந்தப் பிள்ளையையும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. நியாயம்தான். அன்று காலை பாப்பாவுக்கு நான்தான் தலை சீவிப் பவுடர் போட்டுவிட்டேன்.

தகப்பன் வாசலைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். தாய் உள்ளே ஓடி வந்து, பாப்பாவைப் பார்த்ததும் பெரிதாக அழுதாள். பாப்பா மிரண்டு என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். தாய் கூப்பிடக் கூப்பிட, அவள் என் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரியும், அது மறதியல்ல, கோபம். என்னை விட்டுவிட்டு எங்கே போனாய் என்கிற கோபம். ஆனால் கோபத்தை அதிகாரி எப்படி எழுதுவார்? அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு நாள் பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டார். தாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கையில் பென்சில்கூட இல்லை.

நான் முழங்காலில் பிள்ளையோடு நொண்டிக்கொண்டே போய், பிரஷ் மக்குகளில் ஒன்றையும் ஒரு செய்தித்தாளையும் எடுத்து வந்து தாயின் முன்னால் தரையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த தக்கினியில், கட்டிக் காட்டும்மா என்றேன். அவளுக்கு அரைகுறையாக ஹிந்தி தெரியும். புரிந்ததோ இல்லையோ, பிரஷ்களைப் பார்த்ததும் அவள் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். தலையை மட்டம் பார்த்தாள், அடியைத் தட்டினாள். பத்தொன்பதாவது பிரஷ்ஷோடு நிறுத்தினாள். பேப்பரைச் சுற்றாமல், திறந்த வாக்கில் பாப்பாவின் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

என் முழங்காலில் பிடி தளர்ந்தது. பாப்பா மெல்ல நடந்து போனாள். மக்கிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து, நடுவில் செருகினாள். பிறகு கட்டைத் தாயின் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தாயின் மடியில் தான் ஏறி உட்கார்ந்து, நாலு மாதமாக எங்களிடம் பேசாத அத்தனையையும் ஒரியாவில் பேச ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. திட்டுகிற மாதிரிதான் இருந்தது. தாய் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு, நடுநடுவே டிக்லி, டிக்லி என்று அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷெட்டில் தாய் பத்தொன்பது ரோஜா வைப்பாளாம், இருபதாவது மகளுடையதாம். அதுதான் அவர்கள் விளையாட்டு. இங்கே வந்த பிறகு பிள்ளை தாயின் வேலையைத் தானே செய்துவிட்டு, இருபதாவதை வைக்க ஒரு ஆளைத் தேடியிருக்கிறாள். மூன்று மாதம் அந்தத் திறந்த பேப்பர் என் முன்னால்தான் நீண்டிருந்தது. ஒரு பிரஷ்ஷை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதிகாரி எழுதி முடித்தார். மதியமே குழுவின் முன்னால் போய் உத்தரவும் வாங்கியாயிற்று. டிக்லி கட்டை மட்டும் கீழே வைக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போதும் அது அவள் மடியில் இருந்தது. கேட்க யாருக்கு மனம் வரும்? மரிக்கே தன் நெடிய உடம்பை இரண்டாக மடித்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். டிக்லி தன் கட்டை விரலை அவளுக்கு நீட்டிக் காட்டினாள். மரிக்கே தன் கட்டை விரலை அதோடு ஒட்டினாள்.

இல்லத்துக்குத் திரும்பி வந்ததும்தான் எனக்கு உறைத்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தொட்டியடியில் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு மக்கில் பிரஷ் இல்லை. கடையும் மூடியாகிவிட்டது. மிஸ் மேஜையில் உட்கார்ந்து, பதிவேட்டில் அந்தக் காலிக் கட்டத்தில் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான் பயந்துகொண்டே, பிரஷ் பூரா அவளோடு போய்விட்டது மிஸ், பிள்ளைகள் தேய்க்காமல் நிற்கிறார்கள் என்றேன். டிராயரைத் திறப்பாரோ என்று அவர் கையையே பார்த்தேன்.

“ஒரு நாள் வாயக் கொப்புளிச்சிட்டுப் படுத்தா பல்லு ஒண்ணும் கொட்டிடாது, ஜெசி” என்றார் மிஸ், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டளை தளர்ந்தது அந்த ஒரு ராத்திரிதான். பிள்ளைகள் குதித்துக்கொண்டு படுக்கப் போனார்கள்.